கேபிள் மோடத்தை அணைத்துப் போட்டால் இணைய வேகம் கூடுமா? அமெரிக்காவில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பல ஊர்களில் வீட்டு இணைய இணைப்பு, தொலைக்காட்சிக்காகச் சுவருக்குள் இழுக்கப்பட்ட கோஆக்சியல் கேபிள் வழியாகத்தான் வருகிறது. ஊரில் ஃபைபர் இணைப்புக்குப் பழகியவர்களுக்கு இதன் குணங்கள் புதியவை. வேகம் குறைந்துவிட்டதென்று வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் "மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்பார்கள். அடுத்த வாரம் அழைத்தாலும் அதையேதான் சொல்வார்கள். நானும் அந்தச் சுற்றில் நெடுநாள் சிக்கியிருந்து, கோளாறு கட்டடத்தின் கேபிள் இணைப்பில்தான் இருக்கிறது என்று ஆதாரத்துடன் காட்டிய பிறகே வெளியே வந்தேன். நீங்கள் அவ்வளவு அலையாமல் இருப்பதற்காகவே இந்த வரிசையை எழுதி வைக்கிறேன்.

கேள்விக்கு நேரான பதில்: சில குறிப்பிட்ட காரணங்களால் வேகம் குறைந்திருந்தால் மறுதொடக்கம் அதை உடனே சரிசெய்யும், வேறு காரணங்களாக இருந்தால் எத்தனை முறை செய்தாலும் பயனில்லை. எந்தக் காரணம் என்பதை அறிய மறுதொடக்கத்துக்கு முன்னும் பின்னும் அளவெடுக்க வேண்டும். மறுதொடக்கம் செய்தவுடன் மோடத்தில் பதிந்திருக்கும் பிழை எண்ணிக்கைகள் பூச்சியத்துக்குத் திரும்பிவிடுவதால், முன்னதாக அளவெடுக்காதவர் தம் கையில் இருந்த ஆதாரத்தைத் தாமே அழித்தவராகிறார்.

1. உங்களிடம் இருப்பது எந்தக் கருவி என்று பாருங்கள்

சுவரிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிள் நுழையும் பெட்டி மோடம். வைஃபை தரும் பெட்டி ரவுட்டர். இணைய நிறுவனம் வாடகைக்குத் தருவது பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக அடங்கிய பெட்டி. அதை கேட்வே என்பார்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் மாதிரி எண்ணும், மேக் முகவரி எனப்படும் 12 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளமும் இருக்கும். அந்தத் தாளைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாதிரி எண்ணைக் கொண்டு மோடம் எந்த டாக்சிஸ் தரத்தைச் (கேபிள் வழி இணையத்துக்கான தொழில்நுட்பத் தரம்) சேர்ந்தது என்று தேடிப் பாருங்கள். டாக்சிஸ் 3.0 மோடம், கேபிளில் வரும் பல சேனல்களை (அலைவரிசைத் துண்டுகளை) ஒன்றாகக் கட்டி வேகத்தைப் பெறுகிறது. அமெரிக்காவில் ஒரு சேனலின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ்; அதன் வழியாக ஏறத்தாழ 38 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) கிடைக்கும். எனவே 8 சேனல் மட்டுமே கட்டக்கூடிய பழைய மோடம், நல்ல சிக்னல் இருந்தாலும் 300 எம்பிபிஎஸ் அளவில் நின்றுவிடும். நீங்கள் 800 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிக்கொண்டு இத்தகைய மோடத்தை வைத்திருந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டியதே இல்லை. மோடத்தை மாற்ற வேண்டும். 500 எம்பிபிஎஸ்ஸுக்கு மேற்பட்ட திட்டத்துக்கு டாக்சிஸ் 3.1 மோடம் வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

தேவையானவை மூன்று: கடைசி மாதக் கட்டண ரசீது, உங்கள் திட்டத்தின் பெயரும் வேகமும் காட்டும் கணக்குப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், திட்டத்துக்கான பிராட்பேண்ட் லேபிள். இந்த லேபிள், உணவுப் பொட்டலத்தில் சத்துப் பட்டியல் இருப்பதைப் போன்ற வடிவில், மாதக் கட்டணம், கூடுதல் கட்டணங்கள், வழக்கமாகக் கிடைக்கும் பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம், தாமதம் ஆகியவற்றைச் சொல்கிறது. கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிப்படி பெரிய நிறுவனங்கள் 2024 ஏப்ரல் 10 முதலும், சிறியவை அதே ஆண்டு அக்டோபர் 10 முதலும், திட்டத்தை விற்கும் இடத்தில் இதைக் காட்ட வேண்டியதாயிற்று. புதிதாக இணைப்பு வாங்கப் போகிறவர்கள் வாங்கும் அன்றே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் வரும் "வரை" என்ற சொல்லுக்குப் பின்னால் நிறுவனம் ஒளிந்துகொள்ளும்போது, வழக்கமான வேகம் என்று லேபிளில் அச்சிட்டிருக்கும் எண் உங்களுக்கு உதவும்.

கேபிள் திட்டங்களில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தைவிட மிகக் குறைவாக இருப்பது இயல்பு. ஃபைபரில் இரண்டும் சமமாக இருந்து பழகியவர்கள் இதைக் கோளாறு என்று எண்ணிச் சண்டை போடுவதுண்டு. முதலில் லேபிளைப் பாருங்கள்.

3. மறுதொடக்கத்துக்கு முன் வேகத்தை அளவிடுங்கள்

வைஃபையில் எடுத்த அளவை நிறுவனம் ஏற்காது. அதில் நியாயமும் உண்டு. சுவர்களும் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையைக் குறைக்கும். அதற்கும் மோடத்துக்கும் தொடர்பில்லை. எனவே மடிக்கணினியை ஈதர்நெட் கேபிள் மூலம் மோடத்துடனோ கேட்வேயுடனோ நேராக இணைத்து அளவிடுங்கள். கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் 10 டாலருக்குள் கிடைக்கும். தனி மோடமாக இருந்து, ரவுட்டரைக் கழற்றிவிட்டு மடிக்கணினியை மாட்டினால் இணையம் வராமல் போகலாம். பல மோடங்கள் முதலில் இணைந்த ஒரே கருவியின் முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு வேறொன்றை ஏற்பதில்லை. அப்படியானால் மோடத்தைத் தொடாமல் ரவுட்டரின் ஈதர்நெட் துளையிலேயே மாட்டி அளவிடுங்கள்; அதுவும் போதுமானது.

அலுவலக விபிஎன்னை அணைத்துவிட்டு, மற்றக் கருவிகளின் பதிவிறக்கங்களை நிறுத்திவிட்டு, ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் தளத்திலும் நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் தளத்திலும் அளவெடுங்கள். ஒரே நாளில் அதிகாலையில் ஒருமுறை, மாலை 7 மணிக்கு மேல் ஒருமுறை, இரவு 11 மணிக்கு மேல் ஒருமுறை என்று குறைந்தது சில நாள்களாவது தொடருங்கள். நேரம் தெரியும்படி ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. பதிவிறக்கச் செயலி மெகாபைட்டில் காட்டும் எண்ணும், திட்டத்தின் மெகாபிட் எண்ணும் ஒன்றல்ல. 8 மெகாபிட் சேர்ந்ததே ஒரு மெகாபைட் என்பதால், 400 எம்பிபிஎஸ் திட்டத்தில் விநாடிக்கு 50 மெகாபைட் இறங்கினால் உங்களுக்கு முழு வேகமும் கிடைக்கிறது என்று பொருள். இன்னொன்று, எந்த நேரத்தில் அளந்தாலும் ஏறத்தாழ 94 எம்பிபிஎஸ் என்றே வந்தால், கோளாறு ஈதர்நெட் கேபிளிலோ, 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்கும் துளையிலோதான் இருக்கிறது. கேபிளுக்குள் இருக்கும் நான்கு இணைக் கம்பிகளில் ஒன்று அறுந்தாலே இணைப்பு கிகாபிட்டிலிருந்து 100க்கு இறங்கிவிடும். அந்த எண்ணைப் பார்த்தால் வேறெதையும் தொடும் முன் கேபிளை மாற்றுங்கள்.

4. மோடத்தின் சிக்னல் பக்கத்தைப் படமெடுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். உலாவியில் 192.168.100.1 என்று தட்டினால் பெரும்பாலான கேபிள் மோடங்களின் நிலைப் பக்கம் திறக்கும். கேட்வேயாக இருந்தால் முகவரியும் கடவுச்சொல்லும் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். சில வாடகைப் பெட்டிகளில் இந்தப் பக்கத்தை நிறுவனம் மூடிவைத்து, தன் செயலியில் "இணைப்பு நன்றாக உள்ளது" என்ற ஒற்றை வரியை மட்டும் காட்டும். அவ்வாறானால் இந்த எண்களை ஊழியரிடம் தொலைபேசியிலோ உரையாடல் பெட்டியிலோ கேளுங்கள். அவர்களுடைய திரையில் இவை தெரியும்.

பக்கத்தில் பார்க்க வேண்டியவை: முதலில், பதிவிறக்கச் சேனல்கள் எத்தனை பூட்டப்பட்டுள்ளன, அதாவது எத்தனையை மோடம் பிடித்துப் பயன்படுத்துகிறது என்ற எண்ணிக்கை. 32 சேனல் கட்டக்கூடிய மோடத்தில், நல்ல நாளில் 32 இருந்து இன்று 19 மட்டுமே இருந்தால், இரைச்சலால் சில சேனல்களை மோடம் கைவிட்டிருக்கிறது. ஒப்பிடுவதற்கு நல்ல நாள் எண்ணிக்கையும் வேண்டும் என்பதால், கோளாறு ஏதும் இல்லாத நாளிலேயே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்து, ஒவ்வொரு சேனலின் பெறும் சிக்னல் திறன். இது −7 முதல் +7 டிபிஎம்வி (சிக்னல் திறனின் அலகு) வரை இருந்தால் நிம்மதி. −15 முதல் +15 வரை தரநிலை அனுமதித்தாலும், ஓரங்களை ஒட்டியிருக்கும் இணைப்பு வெயில், மழை, குளிருக்குத் தள்ளாடும். சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் 33 டெசிபெல்லுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

பதிவேற்றத் திறன் வேறு வகை. அது மோடம் வெளியே அனுப்பும் திறன். எதிர்முனையில் இருக்கும் நிறுவனத்தின் கருவிக்குக் கேட்கவில்லையென்றால் மோடம் தன் குரலை உயர்த்திக்கொண்டே போகும், தூரத்தில் நிற்பவரைக் கூப்பிடுகிறவர் கத்துவதைப்போல. 35 முதல் 49 டிபிஎம்வி வரை இயல்பு. 50ஐத் தாண்டினால் வழியில் எங்கோ சிக்னல் வலுவிழக்கிறது என்று சந்தேகிக்கலாம். வீடியோ அழைப்புகளில் நீங்கள் பேசுவது மற்றவர்களுக்கு விட்டுவிட்டுக் கேட்கிறது, ஆனால் படம் பார்ப்பதில் சிக்கலில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

கடைசியாக, திருத்த முடியாத பிழைகள் என்ற நெடுவரிசையும், நிகழ்வுப் பதிவேடும். திருத்தக்கூடிய பிழைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் கவலையில்லை. திருத்த முடியாதவை நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டிருந்தால் தரவு தொலைந்துகொண்டிருக்கிறது. பதிவேட்டில் டி3, டி4 என்ற காலாவதிக் குறிப்புகள் தொடர்ச்சியாக இருந்தால், மோடம் கேட்ட கேள்விக்கு எதிர்முனையிலிருந்து பதில் வரவில்லை என்று பொருள். இரண்டையும் முழுவதுமாகப் படமெடுங்கள். பிழை எண்ணிக்கை மறுதொடக்கத்தில் அழியும். பதிவேடு சில மாதிரிகளில் அழியும், சிலவற்றில் நிற்கும்.

5. மறுதொடக்கம் செய்யும் முறை

அலுவலகக் கூட்டம் இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுத் தொலைபேசியும் இதே பெட்டியில் ஓடுகிறது என்றால், அது எழும்வரை 911 அழைப்பும் போகாது என்பதால் கைபேசி கையில் இருக்கட்டும். பகுதி முழுவதும் இணையம் துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று நிறுவனத்தின் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மறுதொடக்கத்தால் பயனில்லை, காத்திருப்பதே வழி.

மின்கம்பியை மோடத்தின் பின்புறமிருந்து கழற்றுங்கள். விளக்குகள் அணையாவிட்டால் உள்ளே பேட்டரி இருக்கிறது. தொலைபேசி வசதியுள்ள மோடங்களில் இது உண்டு, அதையும் எடுக்க வேண்டும். ரவுட்டர் தனியாக இருந்தால் அதன் மின்கம்பியையும் கழற்றுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து மோடத்தை மட்டும் மாட்டுங்கள். அது கேபிளில் சேனல்களைத் தேடிப் பூட்டி, எதிர்முனையுடன் திறனை ஒத்திசைத்து, உங்கள் திட்டத்தின் வேக வரம்பு எழுதப்பட்ட அமைவுக் கோப்பை நிறுவனத்திடமிருந்து இறக்கிக்கொள்ளும். இதற்கு வழக்கமாக 2 முதல் 5 நிமிடம் ஆகும். மென்பொருள் புதுப்பிப்பு நடந்தால் இன்னும் நீளும். பொறுமையிழந்து நடுவில் மீண்டும் அணைக்காதீர்கள். இணைய விளக்கு நிலையாக எரிந்த பிறகே ரவுட்டருக்கு மின்சாரம் கொடுங்கள்.

பின்புறம் உள்ள சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்துவது மறுதொடக்கம் அல்ல. அது எல்லா அமைப்புகளையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் போய், வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியையும் புதிதாகச் சேர்க்க வேண்டி வரும். தொலைபேசியில் வழிகாட்டுபவர் அவசரத்தில் அதைச் செய்யச் சொன்னாலும், காரணம் கேட்காமல் செய்யாதீர்கள்.

6. வேகம் கூடியது என்றால்

பத்து நிமிடம் கழித்து, அதே கேபிளில், அதே தளத்தில் மீண்டும் அளவெடுத்து, சிக்னல் பக்கத்தையும் படமெடுங்கள். சேனல் எண்ணிக்கை 19லிருந்து 32க்கு ஏறி வேகமும் ஏறியிருந்தால், கைவிட்ட சேனல்களை மோடம் மீட்டிருக்கிறது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் அவற்றைக் கைவிடச் செய்த இரைச்சல் தீரவில்லை என்றால் சில நாள்களில் பழைய நிலை திரும்பும். சேனல்கள் மாறாமல் வேகம் மட்டும் கூடித் திட்டத்தின் எண்ணைத் தொட்டிருந்தால், அண்மையில் நீங்கள் திட்டத்தை உயர்த்தியிருந்து, புதிய அமைவுக் கோப்பு இப்போதுதான் மோடத்துக்கு வந்திருக்கலாம். இந்த வகையில் மறுதொடக்கமே முழுத் தீர்வு. வைஃபையில் மட்டும் வேகம் கூடியிருந்தால் பயன் ரவுட்டரால் வந்தது: நெடுநாள் ஓடி நினைவகம் நிரம்பிய ரவுட்டர் புத்துயிர் பெற்றிருக்கலாம், அல்லது தொடங்கும்போது நெரிசல் குறைந்த வைஃபை சேனலைத் தேர்ந்திருக்கலாம். அடுத்த முறை மோடத்தை விட்டுவிட்டு ரவுட்டரை மட்டும் அணைத்துப் பாருங்கள்.

எளிதில் ஏமாற்றும் ஒன்று உண்டு. இரவு 10 மணிக்குப் பொறுமையிழந்து அணைத்துப் போட்டு, பத்தே முக்காலுக்கு அளந்து, "பார், சரியாகிவிட்டது" என்று மகிழ்வது. ஒரே கேபிள் கிளையை அக்கம்பக்கத்து வீடுகள் பலவும் பகிர்ந்துகொள்வதால் மாலை நெரிசலில் வேகம் குறைந்து, மக்கள் உறங்கப் போனதும் தானாகவே கூடும். மூன்றாம் படியில் நாள் முழுதும் எடுத்த அளவுகள் இருந்தால் இந்த மயக்கம் வராது.

தினமும் அதிகாலையில் மோடத்தை அணைத்துப் போடும் டைமர் பிளக்கை வாங்கச் சொல்லும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நாளும் மறுதொடக்கம் தேவைப்படும் இணைப்பில் பழுது இருக்கிறது. டைமர் அந்தப் பழுதை உங்களிடமிருந்து மறைப்பதோடு, பிழைக் கணக்கையும் தினமும் துடைத்துவிடும்.

7. வேகம் கூடவில்லை, அல்லது கூடிப் பின் குறைந்தது என்றால்

வீட்டுக்குள் உங்கள் கைக்கு எட்டும் கேபிள் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்த இணைப்பிதான் நான் கண்டவற்றில் மிக அதிகமான, மிக மலிவான கோளாறு. கையால் முறுக்கிய பின் 7/16 அங்குல ஸ்பேனரால் சற்றே இறுக்கினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் மோடத்தின் திருகு முனை கெட்டுவிடும். அடுத்து ஸ்பிளிட்டர். கேபிளை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொரு கிளையிலும் ஏறத்தாழ 3.5 டெசிபெல் குறைக்கும். நான்காகப் பிரிப்பது 7 டெசிபெல் குறைக்கும். முந்தைய குடியிருப்பாளர் தொலைக்காட்சிக்காக மாட்டிவிட்டுப் போன ஸ்பிளிட்டர் உங்களுக்குத் தேவையில்லை என்றால் எடுத்துவிட்டுக் கேபிளை நேராக மோடத்தில் மாட்டுங்கள். செலவே இல்லாமல் சிக்னல் கூடும்.

அடுக்குமாடிக் கட்டடத்தில் சுவருக்குள் ஓடும் கேபிளும், வெளியே பூட்டிய பெட்டியும் உங்கள் பொறுப்பல்ல. பெட்டியைத் திறக்காதீர்கள். கட்டட நிர்வாகத்துக்கு எழுத்தில் பழுதுக் கோரிக்கை கொடுத்து, அதன் எண்ணை வாங்கி வையுங்கள். நிறுவனம் கட்டடத்தைக் காட்டுவதும் கட்டடம் நிறுவனத்தைக் காட்டுவதும் வழக்கம் என்பதால், இரு தரப்பின் பதிலும் எழுத்தில் இருப்பது அவசியம்.

மாலையில் மட்டும் வேகம் விழுந்து, சிக்னல் எண்கள் எல்லாம் நன்றாக இருந்தால், அது நெரிசல். அதற்கு மோடத்திலோ வீட்டிலோ செய்யக்கூடியது எதுவும் இல்லை.

8. பணியாளரை வரவழைப்பதும் செலவும்

தொலைபேசியைவிட எழுத்து உரையாடலே நல்லது. முழு உரையாடலையும் சேமித்துக்கொள்ளலாம். "வேகம் குறைவு" என்று தொடங்காமல், "பதிவேற்றத் திறன் 52, திருத்த முடியாத பிழைகள் ஏறுகின்றன, டி3 காலாவதிகள் தொடர்கின்றன, இன்ன தேதியில் மறுதொடக்கம் செய்தும் மூன்றாம் நாள் திரும்பியது" என்று எழுதுங்கள். ஊழியர் மீண்டும் அணைத்துப் போடச் சொன்னால், செய்த தேதியையும் முன்பின் படங்களையும் காட்டுங்கள். பணியாளர் வருகைக்கு நேரம் குறிக்கும் முன், கட்டணம் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். கோளாறு நிறுவனத்தின் கேபிளில் இருந்தால் பொதுவாகக் கட்டணம் இல்லை. உங்கள் சொந்த மோடத்திலோ வீட்டு வயரிங்கிலோ என்று முடிவானால் பெரும்பாலும் 50 முதல் 100 டாலர் வரை கேட்பார்கள். வருகை நேரத்தில் வயதுவந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். பணியாளர் போகும் முன், அவர் என்ன மாற்றினார் என்பதைக் குறித்துக்கொண்டு, அவர் முன்னிலையிலேயே சிக்னல் பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள்.

மோடமே பழுது என்றால், வாடகைப் பெட்டியை நிறுவனம் இலவசமாக மாற்றித் தரும். மோடத்துக்கு வாடகை வாங்கும் நிறுவனங்களில் அது பொதுவாக மாதம் 10 முதல் 15 டாலர். சொந்த டாக்சிஸ் 3.1 மோடம் 150 முதல் 200 டாலர் வரை ஆகும் என்பதால், இரண்டு ஆண்டுக்கு மேல் அதே வீட்டில் இருப்பவர்களுக்கு வாங்குவதே சிக்கனம். வாங்கும் முன் நிறுவனம் ஏற்கும் மாதிரிகளின் பட்டியலைப் பாருங்கள். பழைய மோடம் மலிவாகக் கிடைத்தாலும் எச்சரிக்கை: முந்தையவர் வாடகைக்கு எடுத்துத் திருப்பித் தராத பெட்டியாக இருந்தால் நிறுவனம் அதைச் செயற்படுத்தாது. வாடகைப் பெட்டியைத் திருப்பும்போது ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால் திருப்பவில்லை என்று பில் வரலாம். சொந்த மோடம் வைத்திருப்பவரிடம் மோடம் வாடகை வாங்குவதை 2020 டிசம்பர் முதல் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. ரசீதில் அந்த வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

9. எஃப்சிசியிடம் முறையிடுவது

நிறுவனம் அசையவில்லை என்றால் எஃப்சிசியின் நுகர்வோர் புகார் தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். வழக்கறிஞர் தேவையில்லை, குடியுரிமை பற்றியும் கேட்பதில்லை. புகார் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு, அது 30 நாள்களுக்குள் எழுத்தில் பதிலளிக்க வேண்டும். நடைமுறையில், வழக்கமான சேவை மையத்தைக் கடந்து, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர் உங்களை அழைப்பதுதான் இதனால் வரும் பெரும்பயன். பிராட்பேண்ட் லேபிள், நேரத்துடன் கூடிய வேக அளவுகள், மறுதொடக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த சிக்னல் பக்கங்கள், பணியாளர் வந்த தேதிகள், உரையாடல் எண்கள் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, புகாரைத் தேதி வரிசையில் சுருக்கமாக எழுதுங்கள். அளவுகள் ஈதர்நெட் கேபிளில் எடுக்கப்பட்டவை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், உங்கள் வைஃபையில்தான் கோளாறு என்ற பதிலுடன் 30 நாளும் கழிந்துவிடும்.